தாங்குதிறன் தற்பயிற்சி

தாங்குதிறன் தற்பயிற்சி என்பது, விளையாட்டைத் தொழிலாகக் கொள்ளாத ஒருவர், பயிற்றுநர் எவரும் இன்றி, நெடுந்தொலைவு ஓட்டம், நெடுநடை, மிதிவண்டி ஓட்டம், நீச்சல் போன்ற தாங்குதிறன் விளையாட்டுகளுக்குத் தம்மைத் தாமே ஆயத்தப்படுத்திக் கொள்ளும் முறையாகும். திட்டம் வகுத்தல், அதனை நிறைவேற்றல், விளைவை அளத்தல், தேவையானபோது நிறுத்துதல் ஆகிய நான்கு பணிகளும் இம்முறையில் ஒருவரையே சாரும். இவற்றுள் நான்காவது பணியே கடினமானது. நிறுத்தச் சொல்ல வேண்டியவரும், நிறுத்த விரும்பாதவரும் ஒருவரே என்பது இதற்குக் காரணமாகும்.

தமிழ்நாட்டில் இப்பயிற்சிக்கு ஏற்ற இடங்களுள் ஒன்றாகத் திருவண்ணாமலையின் கிரிவலப் பாதையைக் கூறலாம். அண்ணாமலையைச் சுற்றிச் செல்லும் இப்பாதை ஏறத்தாழ 14 கி.மீ நீளமுடையது.

வரலாறு

தாங்குதிறன் பயிற்சியின் இன்றைய வடிவம் பெருமளவுக்குத் தற்பயிற்சியிலிருந்தே தோன்றியது எனலாம். நியூசிலாந்தைச் சேர்ந்த ஆர்தர் லிடியார்ட் (1917-2004) காலணித் தொழிற்சாலையில் பணிபுரிந்தவர். தமது உடலையே சோதனைக் களமாகக் கொண்டு, வெவ்வேறு தொலைவுகளை ஓடிப் பார்த்து, வாரத்துக்கு ஏறத்தாழ 160 கி.மீ மிதமான ஓட்டம் உறுதியான அடித்தளம் தரும் என்ற முடிவுக்கு வந்தார். 1953, 1955 ஆம் ஆண்டுகளில் நியூசிலாந்தின் மாரத்தான் வெற்றியாளராகவும் திகழ்ந்தார். பின்னர் அவரிடம் பயின்ற பீட்டர் சினெல், முர்ரே ஆல்பெர்க் ஆகியோர் 1960 உரோம் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்றனர்.

அண்மைக் காலத்தில் யப்பானைச் சேர்ந்த யூக்கி கவாவுச்சி குறிப்பிடத்தக்கவர். சைத்தாமா மாநில அரசின் முழுநேர ஊழியராக இருந்துகொண்டே, பயிற்றுநர் இன்றிப் பயின்ற இவர், கடும் குளிரும் மழையும் எதிர்க்காற்றும் நிலவிய 2018 பாஸ்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 58 நொடிகளில் ஓடி முதலிடம் பெற்றார். 2019 இல் தொழில்முறை வீரரானார்.

தமிழரிடையே இத்துறையில் முன்னோடியாகக் கருதத்தக்கவர் இலங்கையின் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன் (1943-1984) ஆவார். தொழிலால் வழக்கறிஞரான இவர், 1971 இல் பாக்கு நீரிணையை வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கும், அங்கிருந்து மீண்டும் வல்வெட்டித்துறைக்கும் 51 மணி நேரத்தில் நீந்திக் கடந்தார். பல கின்னஸ் சாதனைகளும் இவர் பெயரில் பதிவாயின. 1984 ஆகத்து 6 அன்று ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியின்போது உயிரிழந்தார். பாக்கு நீரிணையின் நீர் வெதுவெதுப்பானது. ஆங்கிலக் கால்வாயின் நீர் கோடையிலும் 15 முதல் 18 பாகை செல்சியசு அளவிலேயே இருக்கும். ஒரு சூழலில் பெற்ற தாங்குதிறன் மற்றொரு சூழலுக்கு அப்படியே பொருந்தாது என்பதைத் தற்பயிற்சி மேற்கொள்வோர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

அடிப்படைக் கோட்பாடுகள்

உடல் வலுப்பெறுவது பயிற்சியின்போது அன்று. பயிற்சிக்குப் பிந்தைய ஓய்வின்போதே ஆகும். பயிற்சி உடலைச் சோர்வடையச் செய்கிறது. போதிய உணவும் உறக்கமும் கிடைத்தால் உடல் முன்பிருந்ததை விடச் சற்று உயர்ந்த நிலைக்குத் திரும்புகிறது. ஓய்வு கிடைக்கும் முன்னரே அடுத்த சுமை ஏற்றப்பட்டால் நிலை இறங்குகிறது. இதிலிருந்து பின்வரும் கோட்பாடுகள் பெறப்படுகின்றன:

* படிப்படியான சுமை: தொலைவோ வேகமோ சிறிது சிறிதாகவே கூட்டப்பட வேண்டும். இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டுதல் நன்றன்று. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் முன்னேற்றம் காண்கின்றன. தசைநாண்களும் எலும்புகளும் பல மாதங்கள் எடுத்துக்கொள்கின்றன. தொடக்கநிலையினரின் காயங்களுக்கு இவ்விடைவெளி ஒரு முக்கிய காரணமாகும்.
* தனித்தன்மை: எந்த விளையாட்டுக்கு ஆயத்தமாகிறோமோ அதையே பெரும்பங்கு பயில வேண்டும்.
* மீள்தன்மை: பயிற்சி நின்றால் பெற்ற திறன் குறையும்.
* மிதமான பெரும்பங்கு: உயர்நிலை வீரர்களின் பயிற்சி அமர்வுகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு எளிய உழைப்பாகவே அமைந்திருப்பதை இசுட்டீபன் சைலர் என்னும் ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். தற்பயிற்சியாளரோ பெரும்பாலும் எளிதாக ஓட வேண்டிய நாளில் விரைந்து ஓடி, விரைந்து ஓட வேண்டிய நாளில் களைத்துவிடுகிறார்.

உழைப்பை அளவிடல்

பயிற்றுநரின் கண் இல்லாத இடத்தில் அளவீடு அவருக்கு மாற்றாகிறது. மிக எளிய அளவீடு பேச்சுச் சோதனையாகும். ஓடும்போது முழு வாக்கியங்களைத் தடையின்றிப் பேச முடிந்தால் உழைப்பு மிதமானது. ஓரிரு சொற்களே பேச முடிந்தால் கடுமையானது.

இதயத்துடிப்பும் பரவலாகப் பயன்படும் அளவீடாகும். உச்சத் துடிப்பைக் கணிக்க 220 இலிருந்து அகவையைக் கழிக்கும் பழைய முறை உள்ளது. 2001 இல் தனாக்கா முதலியோர் முன்வைத்த வாய்பாட்டில், அகவையை 0.7 ஆல் பெருக்கி 208 இலிருந்து கழிக்க வேண்டும். இவை சராசரி மதிப்புகளே. தனி ஒருவரின் உச்சத்துடிப்பு இதிலிருந்து 10 துடிப்புக்கு மேலும் வேறுபடலாம்.

எடுத்துக்காட்டு: 35 அகவையுடைய ஒருவரின் ஓய்வுத் துடிப்பு நிமிடத்துக்கு 60 எனக் கொள்வோம்.

* உச்சத் துடிப்பு: 208 - (0.7 × 35) = 183.5, அதாவது ஏறத்தாழ 184
* துடிப்பு இருப்பு: 184 - 60 = 124
* இருப்பில் 60 விழுக்காடு: 60 + 74 = 134
* இருப்பில் 70 விழுக்காடு: 60 + 87 = 147

ஆகவே இவரின் எளிய ஓட்டம் 134 முதல் 147 துடிப்புக்குள் அமையலாம். ஓய்வுத் துடிப்பையும் கணக்கில் கொள்ளும் இம்முறை, 1957 இல் ஆய்வு வெளியிட்ட பின்லாந்தின் கார்வோனன் பெயரால் அழைக்கப்படுகிறது. வெப்பமான நாட்களில் அதே வேகத்துக்குத் துடிப்பு உயரும். அப்போது வேகத்தைக் குறைத்துத் துடிப்பைக் காப்பதே முறையாகும்.

திருவண்ணாமலையில் பயிற்சி

கிரிவலப் பாதை பெரும்பாலும் சமதளமானது. ஒரு சுற்று ஏறத்தாழ 14 கி.மீ என்பதால், ஒன்றரைச் சுற்று 21 கி.மீ, அதாவது அரைமாரத்தானுக்கு மிக நெருங்கிய தொலைவாகும். மூன்று சுற்றுகள் 42 கி.மீ ஆகும். மாரத்தானின் முழுத் தொலைவு 42.195 கி.மீ ஆகும். மணிக்கு 5 கி.மீ வேகத்தில் நடப்பவர் ஒரு சுற்றை மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான காலத்தில் முடிப்பார். இந்திரலிங்கம் முதல் ஈசான்யலிங்கம் வரையுள்ள எட்டு இலிங்கக் கோயில்கள் சம இடைவெளியில் அமையாவிடினும், ஒவ்வொன்றையும் கடக்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டால் வாரந்தோறும் முன்னேற்றத்தை ஒப்பிடலாம்.

சுற்றுப்பாதைக்கு ஓர் இடரும் உண்டு. பாதி வழியைக் கடந்த பின்னர் களைத்தவருக்குத் திரும்பி வருவதும் முன்னேறிச் செல்வதும் ஏறத்தாழ ஒரே தொலைவாகிவிடும். எனவே புதியவர்கள் முழுச் சுற்றைத் தொடங்காது, 3 அல்லது 4 கி.மீ சென்று வந்த வழியே திரும்புதல் நலம்.

கவனிக்க வேண்டியவை பின்வருமாறு:

* முழுநிலவு நாட்களிலும் கார்த்திகைத் தீபத்தின்போதும் பாதை முழுவதும் பக்தர்களால் நிறைந்திருக்கும். அந்நாட்களில் ஓட்டத்தைத் தவிர்த்து நடையை மேற்கொள்ளலாம். இப்பாதை முதன்மையாக வழிபாட்டுக்குரியது என்பதை மறத்தலாகாது.
* பாதையின் ஒரு பகுதி செங்கம் சாலையில் அமைவதால் பேருந்து, சரக்குந்துப் போக்குவரத்து உண்டு. விடியலுக்கு முன் ஓடுவோர் ஒளி எதிரொலிக்கும் பட்டை அணிந்து, எதிர்வரும் ஊர்திகளைப் பார்த்தவாறு ஓடுதல் வேண்டும்.
* பக்தர்கள் பலர் வெறுங்காலுடன் வலம் வருகின்றனர். வெறுங்கால் ஓட்டத்தைப் பழகாதவர் அதனைச் சில நூறு மீட்டர்களில் தொடங்க வேண்டும். பகலில் தார்ச்சாலை தோலைச் சுடும் அளவுக்கு வெப்பமடையும்.
* மலையேற்றத்தைப் பயிற்சியாகக் கொள்ளக் கூடாது. மலையேற வனத்துறையின் கட்டுப்பாடுகள் உள்ளன. 2024 திசம்பர் 1 அன்று பெஞ்சல் புயலின் பெருமழையால் ஏற்பட்ட மண்சரிவில், மலையடிவாரத்தில் வசித்த எழுவர் உயிரிழந்தனர்.

மாதிரி வாரம்

ஏற்கனவே வாரம் 35 கி.மீ அளவுக்கு இடரின்றி ஓடி வரும், அலுவலகப் பணியுள்ள ஒருவருக்கான மாதிரி:

* திங்கள்: ஓய்வு
* செவ்வாய்: 6 கி.மீ எளிய ஓட்டம்
* புதன்: 8 கி.மீ, இதில் நடுவிலுள்ள 4 கி.மீ மட்டும் விரைவு
* வியாழன்: 6 கி.மீ எளிய ஓட்டம்
* வெள்ளி: ஓட்டமில்லை, வலுப்பயிற்சி 20 நிமிடங்கள்
* சனி: 6 கி.மீ எளிய ஓட்டம்
* ஞாயிறு: கிரிவலப் பாதையில் ஒரு சுற்று, 14 கி.மீ, எளிய வேகம்

மொத்தம் 40 கி.மீ ஆகும். ஐந்து ஓட்டங்களில் ஒன்று மட்டுமே கடினமானது. மூன்று வாரங்களுக்கு ஒருமுறை மொத்தத் தொலைவைக் குறைத்து ஓர் இளைப்பாறும் வாரம் அமைப்பது வழக்கம்.

உணவும் நீரும்

ஓட்டத்தில் ஒரு கிலோகிராம் உடல் எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறத்தாழ 1 கிலோகலோரி செலவாகிறது. 60 கிலோகிராம் எடையுள்ளவர் ஒரு சுற்று ஓடினால் 840 கிலோகலோரி செலவாகும். உடலில் சேமிக்கப்பட்டுள்ள கிளைக்கோசன் ஏறத்தாழ 1600 முதல் 2000 கிலோகலோரி அளவே தரும். மாரத்தானில் 30 கி.மீ அளவில் பலர் திடீரெனத் தளர்வதற்கு இது முதன்மைக் காரணமாகும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டங்களில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாப்பொருள் உட்கொள்வது உதவும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் மாப்பொருள் உள்ளது.

நீர்த்தேவையை ஒவ்வொருவரும் தாமே கண்டறியலாம். ஒன்றரை மணி நேர ஓட்டத்துக்கு முன் எடை 62.0 கிலோகிராம், பின் 60.8 கிலோகிராம், இடையில் குடித்த நீர் அரை லிட்டர் எனில், வியர்வை இழப்பு 1.7 லிட்டர்; அதாவது மணிக்கு ஏறத்தாழ 1.1 லிட்டர் ஆகும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. எனவே நீண்ட ஓட்டங்களில் உப்பிட்ட மோர் அல்லது உப்புச்சர்க்கரைக் கரைசல் இளநீரினும் பொருத்தமானது.

இடர்கள்

வெப்ப வாதம்: உடலின் உள் வெப்பநிலை 40 பாகை செல்சியசுக்கு மேல் உயர்ந்து, குழப்பம், தடுமாற்றம், மயக்கம் ஆகியன தோன்றும் நிலை. இது உயிருக்கு ஆபத்தானது. குளிர்ந்த நீரில் உடலை அமிழ்த்தியோ, நீரை ஊற்றிக்கொண்டே இருந்தோ உடனே குளிர்விக்க வேண்டும். அதனுடன் 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். குழப்பமடைந்தவர் தம் நிலையைத் தாமே உணரமாட்டார். ஆதலால் கோடையில் தனியே நெடுந்தொலைவு ஓடுதல் கூடாது. வெப்பத்துக்கு உடல் இசைந்துகொள்ளப் பொதுவாக 10 முதல் 14 நாட்கள் ஆகும்.

சோடியக் குறைவு: அளவுக்கு மீறி நீர் குடிப்பதால் குருதியில் சோடியம் குறைவது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஆராயப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு இக்குறைபாடு காணப்பட்டது என 2005 இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஓட்டத்தின்போது எடை கூடுதல் இதன் எச்சரிக்கை அறிகுறியாகும்.

மிகைப்பயிற்சி: காலை ஓய்வுத் துடிப்பு வழக்கத்தைவிட உயர்தல், உறக்கமின்மை, எரிச்சல், உழைத்தும் வேகம் குறைதல் ஆகியன இதன் அறிகுறிகள். செலவிடும் ஆற்றலுக்கு ஏற்ப உண்ணாத பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோதலும், எலும்பு வலுவிழத்தலும் நேரலாம்.

மார்பு வலி, ஓட்டத்தின்போது மயக்கம், குடும்பத்தில் இளவயது இதயநோய் மரணம் ஆகியவற்றுள் ஏதேனும் உள்ளவர்கள் மருத்துவரிடம் சோதித்த பின்னரே பயிற்சியைத் தொடங்க வேண்டும். வலிநீக்கி மாத்திரைகளை விழுங்கிவிட்டு ஓடுதல் சிறுநீரகத்துக்குக் கேடு விளைவிக்கக் கூடும்.

பயிற்சிக் குறிப்பேடு

நாள், தொலைவு, நேரம், காலைத் துடிப்பு, உறக்கம், வலி ஆகிய ஆறு விவரங்களை நாள்தோறும் எழுதி வருதல் போதுமானது. ஓடத் தொடங்கும் முன்னரே நிறுத்தும் விதிகளையும் இக்குறிப்பேட்டில் எழுதிவைக்கலாம். "வலியால் ஓட்ட நடை மாறினால் நிறுத்துக", "தலை சுற்றினால் நிறுத்துக", "காலைத் துடிப்பு 10 கூடினால் அன்று ஓய்வு" என்பன சில எடுத்துக்காட்டுகள். களைத்த நேரத்தில் எடுக்கும் முடிவை விட, தெளிந்த நேரத்தில் எழுதிய விதி நம்பகமானது. பயிற்றுநர் இல்லாதவருக்கு அவ்விதியே பயிற்றுநர் ஆகிறது.

இவற்றையும் பார்க்க

* மாரத்தான்
* கிரிவலம்
* ஆழிக்குமரன் ஆனந்தன்
* வெப்ப வாதம்