அளவையும் மானியமும்: திருவள்ளூர் மாவட்டப் பள்ளிகளை முன்வைத்து

‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தொடங்கியது. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அனைவரும் 2025க்குள் பிழையின்றி வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது அதன் இலக்கு. அதே மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ஆலைகளுக்கும், ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வட்டாரச் செங்கல் சூளைகளுக்கும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் குடும்பங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆந்திர எல்லையோரத்தில் தெலுங்கு வழிப் பள்ளிகள் உள்ளன. அரிசி ஆலைகளிலும் சூளைகளிலும் உழைக்கும் இருளர் குடும்பங்களின் பிள்ளைகளும், இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் இங்கே படிக்கிறார்கள். ஒரே வினாத்தாளால் நாடு முழுவதையும் அளக்க முடியும் என்ற நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான நிலப்பகுதி அரிது.

தேர்வு ஆசிரியருக்குக் குழந்தையைக் காட்டித் தரும் வரை அது கல்வியின் பகுதி. அதன் முடிவோடு மானியத்தையோ தரவரிசையையோ அதிகாரியின் கோபத்தையோ பிணைத்த கணத்தில், அளவைக்குள் அடங்காத குழந்தைகள்தாம் முதலில் கணக்கிலிருந்து விழுகிறார்கள். இக்கட்டுரை நிறுவ முயல்வது இதையே.

இது புதிய அனுபவமன்று. இங்கிலாந்தில் ராபர்ட் லோ 1862இல் கொண்டுவந்த திருத்திய விதித்தொகுப்பு, ஆய்வாளர் நேரில் வந்து நடத்தும் வாசிப்பு, எழுத்து, கணக்குத் தேர்வில் தேறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இவ்வளவு என்று மானியத்தை வரையறுத்தது. பள்ளி ஆய்வாளராகவே பணியாற்றிய மேத்யூ ஆர்னால்ட், அது கற்பித்தலை இயந்திரமயமாக்குகிறது என்று தம் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப எதிர்த்தார். அதே முறை சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1860களில் தொடங்கிய ‘முடிவுக்கேற்ற மானியம்’, திருவள்ளூர் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டம் உள்ளிட்ட பகுதிகளின் திண்ணைப் பள்ளிகளைக்கூட ஆய்வாளரின் பட்டியலுக்குள் இழுத்தது. 1882இன் ஹண்டர் ஆணையம் தொடக்கப் பள்ளிகளைப் பொறுத்தவரை அதை ஆதரித்தது. 1904இல் கர்சன் அரசின் கல்வித் தீர்மானம் அதைக் கைவிடச் சொன்னது. தேறக்கூடிய பிள்ளைக்குப் பணம் உண்டு, தேறாத பிள்ளைக்கு இல்லை என்றால், மானியத்தை நம்பி வாழும் வாத்தியார் யாரை முன்வரிசையில் அமர்த்துவார் என்பதை ஊகிக்க ஆய்வு வேண்டியதில்லை.

அமெரிக்கா அப்பாதையில் ஒரு நூற்றாண்டுக்குப் பின் நடந்தது. ‘எந்தக் குழந்தையும் பின்தங்கிவிடக் கூடாது’ என்ற சட்டம் 2002 ஜனவரியில் கையெழுத்தானது. 2014க்குள் எல்லாக் குழந்தைகளும் தேர்ச்சி நிலையை எட்ட வேண்டும் என்றது. எட்டாத பள்ளிகள்மீது படிப்படியாக நடவடிக்கை. அச்சட்டம் செய்த நன்மையை மறைக்கலாகாது: கறுப்பின, புலம்பெயர், மாற்றுத்திறன் குழந்தைகளின் முடிவுகளைத் தனித்தனியே வெளியிட வைத்ததால், சராசரிக்குள் ஒளிந்திருந்த புறக்கணிப்பு வெளிச்சத்துக்கு வந்தது. ஆனால் அட்லாண்டாவில் 2011இல் வெளியான விசாரணை அறிக்கை, 44 பள்ளிகளில் 178 கல்வியாளர்கள் விடைத்தாள் மோசடியில் தொடர்புடையவர்கள் என்றது. 2015 டிசம்பரில் வந்த மாற்றுச் சட்டம் ஆண்டுத் தேர்வுகளை விட்டுவைத்து, தண்டிக்கும் அதிகாரத்தின் பெரும்பகுதியை மாநிலங்களிடம் திருப்பித் தந்தது.

இந்தியாவில் கல்வி 1976இன் 42ஆம் திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்குப் போனது. தேசிய அடைவு ஆய்வு 2017 நவம்பர் 13இலும் 2021 நவம்பர் 12இலும் நடந்தது. பராக் ஆய்வு என்ற பெயரில் 2024 டிசம்பர் 4 அன்று 781 மாவட்டங்களில், 74,229 பள்ளிகளில், 21 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்தது. இவை மாதிரி ஆய்வுகள். மாவட்டத்தின் நிலையைச் சொல்ல வல்லவை. ஒரு பள்ளியையோ ஓர் ஆசிரியரையோ எடைபோட வல்லவையல்ல. அந்த வரம்பு மதிக்கப்படுமானால் இவற்றை நான் வரவேற்பேன்.

மேலே உள்ள தேதிகளைச் சூளையின் நாள்காட்டியோடு பொருத்திப் பார்க்க வேண்டும். மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பகுதிக் குடும்பங்கள் நுவாகாய் பண்டிகை முடிந்து, முன்பணம் வாங்கிக்கொண்டு, ஆண்டின் கடைசி மாதங்களில் ஊரைவிட்டுக் கிளம்புகின்றன. தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போது திரும்புகின்றன. நவம்பரிலோ டிசம்பர் தொடக்கத்திலோ தேர்வு நடக்கும் நாளில் அக்குழந்தை பலாங்கீர் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் வெறும் பெயர். திருவள்ளூர்ப் பள்ளியில் இன்னும் பெயராகக்கூட இல்லை. இரு மாநிலங்களின் சராசரியிலும் அதன் அறியாமை ஏறாது, அறிவும் ஏறாது. புலம்பெயர்ந்த குடும்பங்களின் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பதை உறுதிசெய்வது உள்ளாட்சியின் கடமை என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு சொல்கிறது. அளவையோ அந்தக் கடமை நிறைவேறியதா என்று கேட்பதேயில்லை.

எண்ணும் எழுத்தும் திட்டத்தின் உட்கரு இவர்களுக்குப் பொருந்தியது என்பது என் மதிப்பீடு. அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தையை அது இருக்கும் படியிலிருந்தே கைபிடித்து ஏற்றுவதால், மூன்றாம் வகுப்பில் நடுவழியில் வந்து சேரும் ஒடியக் குழந்தையும் எழுத்திலிருந்து தொடங்க இடமுண்டு. ஆனால் அதே அரும்பும் மொட்டும் செயலியில் பதிவாகி, மறுஆய்வுக் கூட்டத்தில் எத்தனை அரும்பு மொட்டானது என்ற கேள்வியாகத் திரும்பி வரும்போது, பிப்ரவரியில் வந்த குழந்தை ஆசிரியருக்குச் சுமையாகிறது. 2023இல் பி.எட். பயிலும் மாணவர்களை அனுப்பி மதிப்பிட முனைந்ததை ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. அதை வேலை செய்ய மறுப்பதாக மட்டும் பார்ப்பது நியாயமன்று.

இங்கே மாநிலத்தின் பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தில்லியின் தேர்வு ஆசையை எதிர்க்கும் நாம், தேர்ச்சி விழுக்காட்டை வைத்துத் தலைமையாசிரியரை நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் வழக்கத்தைப் பல பதிற்றாண்டுகளாகச் சுமந்து வருகிறோம். மெல்லக் கற்போர் என்று பெயர் சூட்டி, தேர்ச்சி மதிப்பெண்ணுக்கான சில வினாக்களை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பது அதன் விளைவு. தனியார் பள்ளிகள் 11ஆம் வகுப்புப் பாடத்தை விழுங்கிவிடுவதைத் தடுக்க 2017-18இல் அவ்வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கியது. 5, 8ஆம் வகுப்புகளுக்கு 2019இல் அறிவித்த பொதுத்தேர்வை அரசு 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. தேர்வை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருக்கிறோமே தவிர, அதன் முடிவைக் கொண்டு யாரைக் கேள்வி கேட்கிறோம் என்பதை மாற்றவில்லை.

செலவழித்த பணத்துக்குக் கணக்குக் கேட்க ஒன்றிய அரசுக்கு உரிமை இல்லையா என்பது வலுவான எதிர்வாதம். உரிமை உண்டு. ஆனால் நடந்தது அதுவன்று. ஒன்றியத்தின் செயல்திறன் தரக் குறியீட்டில் மொத்தம் 1000 புள்ளிகள். கற்றல் அடைவுக்கு 180, நிர்வாகத்துக்கு 360 என்றே ஒதுக்கியிருந்தார்கள். அந்த அளவையிலேயே 2019-20இல் தமிழ்நாடு நாட்டின் முன்னணி வரிசையில் நின்றது. எனினும் 2024-25இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்‌ஷாவின் ஒன்றியப் பங்கான சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பி.எம்.ஸ்ரீ பள்ளிகளுக்கான ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்பதே காரணம். எந்தக் குழந்தையின் வாசிப்பும் அதில் அளவுகோலாக இருக்கவில்லை. சட்டத்தைச் செயல்படுத்த நிதி தரும் பொறுப்பு ஒன்றியத்துக்கும் மாநிலத்துக்கும் ஒருங்கே உண்டென்று கல்வி உரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு கூறுகிறது. 2025 மே மாதம் மாநிலம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கல்வி உரிமைச் சட்ட நிதியைத் தேசியக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போடக் கூடாதென்ற கருத்தைத் தெரிவித்தது. கீழே உள்ளவர் மேலே உள்ளவரிடம் கணக்குக் கேட்க நீதிமன்றம் ஒன்றே வழியாக இருக்கும் ஏற்பாட்டைக் கூட்டாட்சிப் பொறுப்புடைமை என்று என்னால் ஏற்க இயலவில்லை.

அமெரிக்கச் சட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது தனித்தனியே கணக்கிடுதல். விடத்தக்கது தண்டனை. தேசிய ஆய்வுக்கு இரண்டாம் சுற்று ஒன்று பிப்ரவரி, மார்ச் மாதங்களில், குடும்பங்கள் வந்து சேரும் மாவட்டங்களில், குழந்தையின் தாய்மொழியில் நடக்க வேண்டும். ஒடியத்தில் வாசிக்கத் தெரிந்த குழந்தை தமிழ் வினாத்தாளில் எழுத்தறியாதவராகப் பதிவாகக் கூடாது. முடிவு வட்டாரக் கல்வி அலுவலருக்கும் ஆசிரியருக்கும், அனுப்பிய மாநிலத்துக்கும் போகட்டும்; எத்தனை குழந்தைகள் நடுவாண்டில் சேர்க்கப்பட்டனர், அவர்களுக்கு மொழியறிந்த ஆசிரியர் கிடைத்தாரா, ஒதுக்கிய தொகை எந்த மாதம் பள்ளிக்கு வந்தது என்ற மூன்று விவரங்களும் அதே அறிக்கையில் அச்சாகட்டும். மூன்றாவது விவரத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் சென்னையிலும் தில்லியிலும் இருக்கிறார்கள்.