மணமாலையும் கரும்புத் தோட்டமும்

ஹவாய்த் தீவுகளின் கடற்கரைகளில் மணம்புரிந்து மீள்வதற்கென்றே இன்று பல நாடுகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். சங்கொலி, மணமகன் தோளிற் சாத்தும் மைலிக் கொடிமாலை, ஹூலா நடனம், உக்குலேலி இசை, நிலக்குழியில் வேகவைத்த பன்றி இறைச்சி விருந்து ஆகிய யாவும் ‘புராதன ஹவாய் மரபு’ என்ற ஒரே பொட்டலமாகக் கட்டி அவர்களுக்கு விற்கப்படுகின்றன. விலைப்பட்டியலில் வரலாற்றுக்கு இடமில்லை. எனினும் இவை எவரெவர் கைவழியே மணப்பந்தருக்கு வந்து சேர்ந்தன என வினவுதல் பயனுடையது.

பண்டைய ஹவாய்ச் சமுதாயத்தில், சேம்பு பயிரிட்டும் மீன்பிடித்தும் வாழ்ந்த பொதுமக்களுக்குத் திருமணச் சடங்கென்று பெரிதாக எதுவும் இருந்ததில்லை. ஆணும் பெண்ணும் மனமொத்துக் கூடிவாழத் தொடங்குவதே மணம். அதனைக் குறிக்கும் ‘ஹோஆஓ’ என்னும் சொல்லில் ‘ஆஓ’ என்பது பகல். விடியும்வரை உடனுறைதல் என்பது கருத்து. கரணமும் கொண்டாட்டமும் உயர்குடித் தலைவர்க்கே உரியனவாயிருந்தன. குலவரிசையே ஆட்சியுரிமையைத் தீர்மானித்த அமைப்பில், யார் யாரை மணப்பது என்பது அரசியல் விவகாரமாயிருந்ததில் வியப்பில்லை.

விருந்தின் கதை இதனினும் சுவையானது. கணவனும் மனைவியும் ஒரே பந்தியில் அமர்ந்துண்பதைக் ‘கபு’ என்னும் சமய விலக்குத் தடுத்தது. பன்றி இறைச்சி, தேங்காய், பெரும்பாலான வாழைப்பழ வகைகள் ஆகியன பெண்களுக்கு விலக்கப்பட்டிருந்தன. மீறுவோர்க்கு மரணதண்டனையும் உண்டு. 1819 இல் முதலாம் கமெஹமெஹா மன்னர் இறந்தபின், அவர் மனைவியருள் ஒருவரான காஹுமானுவும், புதிய அரசனின் தாயான கெயோபுவோலானியும் அவ்விலக்கைத் தகர்க்க முன்வந்தனர். இளம் அரசன் லிஹோலிஹோ பெண்களின் பந்தியில் அமர்ந்து உண்டான்; விலக்கு வீழ்ந்தது. அமெரிக்கப் பாதிரிமார் கரையிறங்கியது அதற்கு அடுத்த ஆண்டிலேயே என்பது கவனிக்கற்பாலது. ஹவாய்ப் பெண்ணை விடுவித்தவர் தாமே எனப் பிற்காலத்தார் எவரும் உரிமை கொண்டாட இயலாது. மணமக்கள் அருகருகே அமர்ந்து பன்றி இறைச்சி உண்ணும் இன்றைய ‘புராதன’ விருந்து, உண்மையிற் புராதன விதியொன்றை உடைத்ததன் பேறேயாகும்.

அதே காஹுமானு பின்னர் கிறித்துவம் தழுவி, 1830 இல் பொதுவிடங்களில் ஹூலா ஆடுவதைத் தடைசெய்தார். வரலாற்று மாந்தர் நம் வசதிக்கேற்ப ஒரே பக்கத்தில் நிற்பதில்லை போலும். எழுத்துத் தோன்றாத காலத்தில் வமிசாவளியையும் தெய்வக் கதைகளையும் தாங்கிநின்ற அக்கலையை, 1883 இல் கலாகௌவா மன்னர் தம் முடிசூட்டு விழாவில் மீண்டும் பகிரங்கமாக ஆடச்செய்தார். பத்தாண்டு சென்று, 1893 இல், சீனி வர்த்தக நலன்களோடு பிணைந்த ஒரு குழு, அமெரிக்கக் கடற்படையினர் துணைநிற்க, அவர் தங்கை லிலியுஒகலானி அரசியின் ஆட்சியைக் கவிழ்த்தது. 1896 இல் ஆங்கிலமே பள்ளிகளின் போதனாமொழி எனச் சட்டம் வந்தது. 1898 இல் அமெரிக்கா தீவுகளைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. ஹூலாவிற் கைகள் பேசுவது பாட்டின் சொற்களையே. சொல்லை மாணவனிடமிருந்து பறித்தபின், எஞ்சுவது இடுப்பசைவு மட்டுமே. உல்லாசப் பயணத் துறைக்கு அதுவே போதுமானதாயிருந்தது.

மற்றொரு பங்கு தோட்டத் தொழிலாளருடையது. 1879 இல் மடெய்ராத் தீவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஆள்சேர்த்து வந்த கப்பலில் போர்த்துக்கேய மரவேலைக்காரர் மூவர் இருந்தனர். அவர்கள் கொணர்ந்த சிறு நரம்புக் கருவியே உக்குலேலியாயிற்று. படங்களிற் காணும் புற்பாவாடை, தோட்ட வேலைக்கு வந்த கில்பேட் தீவினரின் உடைவழி வந்தது. ஹவாய் மக்கள் மரப்பட்டைத் துணியையே உடுத்தனர். யப்பானிய வழித்தோன்றல்களின் மணங்களில் 1,001 காகிதக் கொக்குகள் மடித்து வைக்கப்படுகின்றன. தோட்ட முதலாளிமார் இவ்வினத்தாரை வெவ்வேறு குடியிருப்புகளில் வைத்து, இனத்துக்கொரு கூலி கொடுத்தே ஆண்டனர். நம் மலைநாட்டை அறிந்தோர்க்கு அச்சூழ்ச்சியை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் 1946 இல் ஏறத்தாழ 26,000 தொழிலாளர் இனபேதமின்றி 79 நாள் வேலைநிறுத்தம் செய்து, பொதுச் சமையற்கூடங்களிற் சேர்ந்துண்டு வென்றனர். இன்றைய மணவிருந்தில் சேம்புக்களியும் யப்பானிய மீனும் பிலிப்பைன் கறியும் ஒரே இலையிற் சேர்வதைக் காண்போர் அச்சமையற்கூடங்களையும் எண்ணுதல் தகும்.

‘ஹவாய்த் திருமணப் பாட்டு’ என உலகறிந்த பாடலோ 1926 அளவில் சாள்ஸ் கிங் ஓர் இசைநாடகத்துக்காக ஹவாய் மொழியில் இயற்றிய காதற்பாட்டு. திருமணத்தை அதிற் புகுத்தியவை 1958 இல் எழுதப்பட்ட ஆங்கிலச் சொற்கள். 1961 இல் எல்விஸ் பிறெஸ்லி திரைப்படத்தில் அதனைப் பாடியபின் அது ‘மரபு’ ஆகிவிட்டது.

ஆகவே பழையது, புதியது என்று பிரித்தல் இங்கு உதவாது. 1978 இல் ஹவாய் மொழி ஆங்கிலத்துடன் உத்தியோக மொழியாயிற்று; 1984 இல் அம்மொழியிற் பயிற்றும் பாலர் பள்ளியொன்றைப் பெற்றோரும் ஆசிரியரும் தொடங்கினர். மணநாளில் முன்னோர் பெயரைத் தம் மொழியில் ஓத விழையும் சுதேச இளைஞர்க்கு வழி அங்கிருந்தே திறந்தது. மைலி கொய்யப் புகுவோர் காட்டின் இசைவு வேண்டி, வேர் கெடாது கொய்வது பழைய முறை; அக்கொடி ஹூலாத் தெய்வமான லாக்காவுக்கு உரியது. வேண்டிய மாலைகளுக்கு அக்காடுகள் போதாமையால், இப்போது மைலியின் பெரும்பகுதி குக் தீவுகளிலிருந்து விமானத்தில் இறக்குமதியாகின்றது.