அமெரிக்கக் கல்லூரி விளையாட்டாளரும் மாநில வருமான வரியும்

2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலம் புதுமையான சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. கல்லூரியில் பயிலும் விளையாட்டாளர் தம் பெயரையும் உருவத்தையும் பிறர் பயன்படுத்தத் தந்து பெறும் பணத்துக்கு மாநில வருமான வரி இல்லை என்பது அச்சட்டத்தின் சாரம். அமெரிக்க மாநிலங்களுள் இவ்விலக்கை முதன்முதல் அளித்தது ஆர்க்கன்சாவே. அதே கல்லூரியின் உணவுச்சாலையில் தட்டுக் கழுவிப் படிக்கும் மாணவனுக்கு இச்சலுகை கிடையாது. இதில் வியப்பு என்னவெனில், ஐந்தே ஆண்டுகளுக்கு முன் அவ்விளையாட்டாளர் இத்தகைய பணத்தைக் கையால் தொட்டிருந்தால் ஆட்டத்திலிருந்தே விலக்கப்பட்டிருப்பார். தடை செய்யப்பட்டிருந்த பணம் இத்துணை விரைவில் வரியும் வேண்டாத பணமாக மாறியது எவ்வாறு? அதற்கு விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் விளையாட்டுப் போட்டி 1852-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நியூ ஹாம்ப்சயரின் வினிப்பிசாக்கி ஏரியில் நடைபெற்ற படகுப் பந்தயமாகும். ஹார்வர்டு, ஏல் என்னும் இரு கல்லூரிகளின் மாணவர்கள் அதில் துடுப்பு வலித்தனர். ஹார்வர்டு வென்றது. மாணவரின் பயணச் செலவையும் தங்கும் செலவையும் ஏற்றவர் அவ்வழியே புகைவண்டி நடத்திய நிறுவனத்தின் அதிகாரி ஒருவர். பந்தயம் பார்க்க வருவோர் தம் வண்டியில் ஏறுவர் என்பது அவர் கணக்கு. ஆகவே, வணிகம் பிற்காலத்தில் வந்து கல்லூரி விளையாட்டைக் கெடுத்தது என்று சிலர் கூறுவது வரலாற்றோடு பொருந்தவில்லை. முதல் நாளிலேயே வணிகம் கரையில் நின்றுகொண்டிருந்தது. பிற்காலத்தில் வந்தது வணிகத்தை மறைக்கும் கொள்கையே.

1905-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காற்பந்தாட்டத்தில் மாணவர் பலர் உயிரிழக்கவே, அதிபர் தியோடர் ரூசுவெல்ட் தலையிட்டார். அதன் விளைவாக 1906-இல் தோன்றிய அமைப்பே 1910 முதல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் என்னும் பெயர் பூண்டது. ஊதியம் பெறாதவரே கல்லூரிக்காக ஆடவேண்டும் என்பது அச்சங்கத்தின் கொள்கை. அமெச்சூர் கொள்கை என்று ஆங்கிலத்தார் அதனைப் போற்றுவர். கொள்கை ஏட்டில் இருந்தது, மைதானத்தில் இல்லை. 1929-இல் கார்னகி அறநிறுவனம் வெளியிட்ட நீண்ட அறிக்கை, ஆராய்ந்த கல்லூரிகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் ஆட்டக்காரருக்குப் பொருளுதவி செய்து வந்ததை வெளிப்படுத்தியது. இறுதியில் 1956-இல் சங்கம், விளையாட்டுத் திறனுக்காகவே உபகாரச் சம்பளம் வழங்கலாம் என்று இணங்கியது.

உபகாரச் சம்பளம் என்னும் தொடரைத் தமிழாசிரியர்கள் சற்று உற்று நோக்கலாம். நம் வழக்கில் அச்சொல்லுக்குள்ளேயே சம்பளம் இருக்கிறது. அமெரிக்கச் சங்கமோ அது சம்பளமே அன்று என்று நிறுவுவதற்கு அரை நூற்றாண்டுக் காலம் வழக்கறிஞரை அமர்த்திப் போராடியது. போராட்டம் கொலராடோ மாநிலத்தில் தொடங்கிற்று. டென்வர் பல்கலைக் கழகத்தின் காற்பந்து மாணவர் ஒருவர் பயிற்சியில் முதுகில் அடிபட்டார். அவர் கல்லூரி வளாகத்தில் வேலை பார்த்துக் கூலி பெற்றவர். நன்றாக ஆடினால்தான் அவ்வேலை நிலைக்கும். ஆதலின் அவர் ஊழியரே. காயத்துக்கு இழப்பீடு பெறுதற்கு உரியவர் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1953-இல் தீர்ப்பளித்தது. நான்கே ஆண்டுகள் கழித்து, 1957-இல், அதே நீதிமன்றம் வேறுவிதமாகப் பேசிற்று. போர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடித் தலையில் அடிபட்டு இறந்த மாணவர் ஒருவரின் மனைவி இழப்பீடு கேட்டார். இறந்தவர் ஊழியர் அல்லர் என்று கூறி நீதிமன்றம் அவரை வெறுங்கையோடு அனுப்பியது.

இக்காலத்தில்தான் ‘மாணவ விளையாட்டாளர்’ என்னும் சொற்றொடர் சங்கத்தின் விதிகளில் எங்கும் புகுத்தப்பட்டது. புகுத்தியவர் 1951 முதல் 1988 வரை அதன் நிருவாக இயக்குநராக இருந்த வால்ட்டர் பையர்ஸ். ஊழியர் என்னும் பெயர் ஆட்டக்காரர்மேல் விழாமல் தடுக்கவே அத்தொடர் ஆக்கப்பட்டது என்று அவரே ஓய்வு பெற்றபின் 1995-இல் வெளியிட்ட தம் நூலில் ஒப்புக்கொண்டார். ஒரு பெயரைச் சூட்டி ஒரு பொறுப்பைத் தட்டிக் கழித்த இச்செய்தி சொல்லாராய்ச்சி செய்வோர் நினைவில் கொள்ளத் தக்கது.

வரி அதிகாரிகளும் இப்பெயரை ஏற்றனர். கட்டாயம் ஆடவேண்டும் என்னும் நிபந்தனை இல்லாத வரையில் விளையாட்டு உபகாரச் சம்பளத்துக்கு வரி இல்லை என்று மத்திய அரசின் வரித்துறை 1977-இல் விளக்கம் தந்தது. 1986-ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தச் சட்டம் இதனைச் சுருக்கிற்று. கல்விக் கட்டணத்துக்கும் நூல்களுக்கும் ஆகும் தொகைக்கே விலக்கு. உணவுக்கும் உறையுளுக்கும் ஆகும் தொகை வருமானம். எனினும் ஊதியம் இல்லை என்னும் கொள்கை நிலைத்தவரை, மாநில வரி பற்றி எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. வரி விதிக்க ஏதேனும் இருந்தாலன்றோ?

சிங்கப்பூர் வாசகர்க்கு இங்கே ஓர் எடுத்துக்காட்டு நினைவுக்கு வரும். 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் தங்கம் வென்ற ஜோசப் ஸ்கூலிங் அப்போது டெக்சஸ் பல்கலைக் கழக மாணவர். சிங்கப்பூர் அவருக்கு 10 இலட்சம் வெள்ளி பரிசு வழங்கியது. அதன் பின்னும் அவர் கல்லூரிக்காக நீந்தினார். ஒலிம்பிக் பரிசுக்கு மட்டும் சங்கம் விலக்கு வைத்திருந்ததே காரணம். அதே மாணவர் ஒரு கடையின் விளம்பரத்தில் தோன்றி நூறு வெள்ளி பெற்றிருந்தால் கல்லூரி நீச்சல் அன்றோடு முடிந்திருக்கும். பரிசு என்றால் தூய்மை. கூலி என்றால் மாசு.

இக்கொள்கைக்கு முதல் பேரடி கொடுத்தவர் எட் ஓபேனன். 1995-இல் கலிபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. கூடைப்பந்துக் குழு நாட்டு வெற்றிக் கிண்ணத்தை வென்றபோது முன்னணியில் நின்றவர் அவர். பல்லாண்டுகள் கழித்துக் கணினி விளையாட்டு ஒன்றில் தம்மை ஒத்த உருவம் ஓடுவதைக் கண்டார். உருவத்தை விற்றவர் பணம் பெற்றனர். உருவத்துக்கு உரியவர் பெறவில்லை. 2009-இல் அவர் தொடுத்த வழக்கில் 2014-இல் அவர் பக்கம் தீர்ப்புக் கூறியவர் நீதிபதி கிளாடியா வில்கன். கலிபோர்னியா மாநிலம் 2019-இல் தன் கல்லூரி மாணவர் விளம்பர வருவாய் பெறுவதைத் தடுக்கலாகாது என்று சட்டம் செய்தது. பிற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 2021 சூன் 21-இல் உச்ச நீதிமன்றம், கல்வி தொடர்பான உதவிகளுக்குச் சங்கம் வைத்த வரம்பு வணிகப் போட்டிச் சட்டத்துக்கு முரண் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பத்து நாளில், சூலை 1 முதல், சங்கம் பழைய தடையை நீக்கியது. பெயர், உருவம், சாயல் ஆகியவற்றால் மாணவர் பொருளீட்டலாம் என்றாயிற்று. 2024-இல் கல்லூரிக் காற்பந்துக் கணினி விளையாட்டு மீண்டும் வெளிவந்தபோது, அதில் இடம்பெற இசைந்த ஒவ்வொரு மாணவருக்கும் 600 டாலர் கிடைத்தது.

பணம் வந்த வழியே வரியும் வந்தது. பத்தொன்பது வயது மாணவர், தாமே தொழில் நடத்தும் ஒரு வணிகரைப் போல வரித்துறையின் முன் நிற்க நேர்ந்தது. விளம்பரப் பணியால் செலவு போக 400 டாலர் மிஞ்சினாலே, ஓய்வூதிய, மருத்துவக் காப்புக்கான தனி வரி நூற்றுக்கு 15.3 வீதம் அவர் தலைமேல் விழும். முதலாளியிடம் வேலை செய்வோருக்கு அதில் பாதியை முதலாளி கட்டுவார். இங்கே முதலாளி இல்லை. முன்கூட்டியே வரி பிடித்துக்கொள்வாரும் இல்லை. காலணியாகவும் காராகவும் தந்தால் அவற்றின் சந்தை விலையும் வருமானமே. முதற்பணத்தைச் செலவிட்டுவிட்டு மறு ஏப்ரலில் வரிக்கு வழி தேடும் நிலைமை எளிதில் நேரக்கூடியது.

இவையெல்லாம் மத்திய அரசின் வரிகள். மாநில வரியோ நாட்டுக்குள் நாடு ஒன்று வேலி போட்டது போன்றது. விஸ்கான்சின் மாநிலம் 1911-இல் விதித்த வருமான வரி செம்மையாக நடைபெற்றதால் மற்ற மாநிலங்கள் அதனைப் பின்பற்றின. ஆயினும் எல்லாம் அல்ல. புளோரிடா 1924-இலேயே தன் அரசியலமைப்பில் வருமான வரிக்குத் தடை எழுதிற்று. டென்னசி 2014-இலும் டெக்சஸ் 2019-இலும் அவ்வாறே எழுதிக்கொண்டன. கலிபோர்னியாவிலோ உச்ச வீதம் நூற்றுக்கு 13.3 வரை செல்கிறது.

வெளியூர் ஆட்டக்காரரிடம் வரி கேட்பதும் புதிதன்று. 1991-இல் சிகாகோ கூடைப்பந்துக் குழு லாஸ் ஏஞ்சலிஸ் குழுவைத் தோற்கடித்து வெற்றிக் கிண்ணம் பெற்றது. கலிபோர்னியாவில் ஆடிய நாள்களுக்கு வரி கட்டுமாறு சிகாகோ ஆட்டக்காரரை அம்மாநிலம் கேட்டது. தோற்றவர் வென்றவரிடம் வரி வாங்கிய விந்தை இது. இல்லினாய் மாநிலம் 1992-இல் பதிலுக்கு ஒரு சட்டம் செய்தது: எம்மவரிடம் வரி வாங்கும் மாநிலத்தாரிடம் மட்டும் யாமும் வாங்குவோம் என்பது. ‘மைக்கேல் ஜோர்டானின் பழி’ என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். ஆண்டுச் சம்பளத்தைப் பணி நாள்களால் வகுத்து, அந்தந்த மாநிலத்தில் கழித்த நாள்களுக்கேற்ப வரி விதிக்கும் முறை பின்னர் எங்கும் பரவியது. வருமான வரியே இல்லை என்று பெருமை பேசும் டென்னசிகூட 2009-இல் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டக்காரரிடமும் பனிவளைகோற் பந்தாட்டக்காரரிடமும் ஓர் ஆட்டத்துக்கு 2,500 டாலர் வீதம், ஆண்டுக்கு மூன்று ஆட்டம் வரை வசூலித்தது. 2014-இல்தான் அதனை நீக்கச் சட்டம் செய்தது.

கல்லூரி மாணவருக்கு நேர்வது இன்னும் சிக்கலானது. டெக்சஸில் படித்தால் மாநில வரி இல்லை என்று பலர் எண்ணுவர். ஆனால் படிப்புக்காக மட்டும் வெளியூர் சென்றவரின் நிலையான இருப்பிடம் பொதுவாகப் பெற்றோர் வாழும் மாநிலமே என்பது சட்டம். கலிபோர்னியாவில் வீடும் டெக்சஸில் விடுதியும் கொண்ட மாணவரிடம் கலிபோர்னியா தன் பங்கைக் கேட்கக்கூடும். மேலும், கடை ஒன்றில் அமர்ந்து கையெழுத்திட்டுக் கொடுத்தால் அது செய்த இடத்தில் எழுந்த வருமானம். தம் படத்தைச் சட்டையில் அச்சிட இசைவு தந்து பெற்றால் அது பெரும்பாலும் இருப்பிடத்து வருமானம். ஒரே மாணவர், ஒரே புகழ், இருவேறு கணக்கு.

ஆர்க்கன்சாவின் சட்டத்தை இப்பின்னணியில் நோக்க வேண்டும். அப்பல்கலைக் கழகம் ஆடும் தென்கிழக்குப் பேரணியில் 2024 முதல் பதினாறு குழுக்கள் உள்ளன. அவற்றுள் ஐந்து, வருமான வரி இல்லாத டெக்சஸ், டென்னசி, புளோரிடா மாநிலங்களைச் சேர்ந்தவை. மாணவர் ஆண்டுதோறும் கல்லூரி மாறித் தடையின்றி ஆடலாம் என்று அவ்வாண்டே விதியும் தளர்ந்தது. ஆள் பிடிக்கும் போட்டியில் வரியும் ஆயுதமாயிற்று. ஆனால் அந்த ஆயுதம் எத்துணைக் கூரியது? ஆர்க்கன்சாவின் உச்ச வீதம் அப்போது நூற்றுக்கு 3.9 தான். ஓர் இலட்சம் டாலர் பெறுபவருக்கு மிச்சமாவது 3,900 டாலருக்கு மேற்படாது. போட்டிக் கல்லூரி ஒன்று ஒப்பந்தத் தொகையைச் சற்றே உயர்த்தினால் அது கரைந்துவிடும். இழப்போ மாநிலக் கருவூலத்துக்கு நிலையானது. ஒரே வயதினர் இருவர் உழைத்துப் பெற்ற பணத்தில், பந்து எறிந்தவன் பணத்தை மட்டும் தனியே எடுத்துவைப்பதற்கு நியாயம் கூறல் அரிது. வேறு சில மாநிலச் சட்டமன்றங்களிலும் இத்தகைய மசோதாக்கள் எழுந்தன என்பதால் இது ஒரு மாநிலத்தின் விருப்பமாக மட்டும் நில்லாது.

அச்சட்டம் பிறந்த இரண்டு மாதத்துக்குள் நிலைமை மேலும் மாறிற்று. 2025 சூன் 6-ஆம் நாள் அதே நீதிபதி வில்கன் மற்றொரு வழக்கில் ஓர் உடன்பாட்டை ஏற்றார். முன்னாள் மாணவருக்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் இழப்பீடு. சூலை 1 முதல் கல்லூரிகளே மாணவருக்கு நேராகப் பணம் தரலாம். முதலாண்டில் ஒரு கல்லூரிக்கு ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டாலர் உச்ச வரம்பு. இப்பணத்தையும் பெயர், உருவத்துக்கான இசைவுக் கட்டணம் என்றே கல்லூரிகள் எழுதின. ஊதியம் என்று எழுதவில்லை. பையர்ஸ் கற்பித்த பாடம் மறக்கப்படவில்லை.

இதற்கிடையே பிலடெல்பியாவிலுள்ள மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 சூலையில், அமெச்சூர் என்னும் பெயரைக் காட்டி மட்டும் கல்லூரி ஆட்டக்காரரை ஊழியர் அல்லர் என்று தள்ளிவிட முடியாது எனக் கூறி, வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. கல்லூரி தரும் பணம் ஊதியமே என்று தீர்ப்பாகுமானால், தொழில்முறை ஆட்டக்காரரைப் போல மாணவரும் ஆடிய நாள்களைக் கணக்கிட வேண்டிவரும். ஆர்க்கன்சா மாணவர் மிசௌரியில் ஆடிய நாளுக்கு மிசௌரி வரி கேட்கும். அப்போது ஆர்க்கன்சா அளித்த விலக்கு அம்மாநிலத்தின் எல்லைக் கோட்டோடு நின்றுவிடும்.