செக் இலகு விமானங்கள்

செக் நாட்டின் இலகு விமானத் தொழில் இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் வேரூன்றியது. காலணித் தொழிலில் பெயர்பெற்ற பாட்டா குழுமம் 1934-இல் ஒட்ரோகோவிட்சேயில் ஸ்லின் விமான நிறுவனத்தைத் தொடங்கியது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது அங்கே ஜெர்மானியப் பயிற்சி விமானங்கள் கட்டப்பட்டன.

இத்தொழிலின் புகழுக்குக் காரணம் 1947-இல் முதன்முதலாகப் பறந்த ஸ்லின் 26 டிரெனர். கரேல் டோமாஷ் வடிவமைத்த இந்த இரண்டு இருக்கை விமானம், மாணவர்களுக்கென்றே உருவானது. தொடக்கத்தில் மர இறக்கையும் 105 குதிரைத்திறன் எஞ்சினும் கொண்டிருந்தது. பின்வந்த 126-இல் உலோக இறக்கையும், 226-இல் 160 குதிரைத்திறனும், 326-இல் மடங்கும் சக்கரங்களும் சேர்ந்தன. சாகசப் போட்டிகளில் செக் விமானங்கள் பெற்ற வெற்றி, தனிப் போட்டி விமானத்தால் அல்ல, இப்படிப் படிப்படியாகத் தேர்ந்த பயிற்சி விமானத்தால் வந்தது என்றே கொள்ள வேண்டும். 1960-இல் பிராட்டிஸ்லாவாவில் நடந்த முதல் உலகச் சாகசப் போட்டியில் செக் விமானி லாடிஸ்லாவ் பெசாக் வென்றதைச் சொந்த மண்ணின் சாதகம் எனத் தள்ளிவிடலாம். ஆனால் 1962-இல் ஹங்கேரியின் யோசெஃப் டோத்தும், 1964-இல் ஸ்பெயினின் தோமாஸ் காஸ்தாஞ்ஞோவும் வென்றது இதே குடும்பத்து விமானங்களில்தான். விமானம் தலைகுப்புறச் சுழன்று உருளும் லோம்சோவாக் சாகசத்தை உருவாக்கியவரும் பெசாக்கே என்பர். அது தற்செயலாகப் பிறந்ததா என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. மாணவருக்கான கட்டமைப்பு போட்டியின் சுமையைத் தாங்காது என்போருக்கும் ஆதாரம் உண்டு: 1970-இல் சாகச விமானி நீல் வில்லியம்ஸ் ஓட்டிய, அதே குடும்பத்து ஸ்லின் 526-இன் இறக்கை வானிலேயே முறிந்து மேல்நோக்கி மடங்கத் தொடங்கியது. அவர் விமானத்தைத் தலைகீழாக்கி, காற்றின் அழுத்தத்தாலேயே இறக்கையை நிலைக்குக் கொண்டுவந்து, தரையைத் தொடும் தறுவாயில் நிமிர்த்தி உயிர் தப்பினார். எனினும் இது பயிற்சி விமானத்தின் எல்லையைக் காட்டுகிறதே தவிர, அதற்கு முந்தைய வெற்றிகளை மறுக்கவில்லை. அந்த எல்லையைக் கடக்கவே 1975-இல் போட்டிக்கென்றே ஒற்றை இருக்கை ஸ்லின் 50 வந்தது. அதில் இவான் டுசெக் 1978-லும், பீட்டர் யிர்முஸ் 1984, 1986-லும் உலகப் பட்டம் வென்றனர்.

வேளாண் பிரிவில் 1963-இல் பறந்த Z-37 ச்மெலாக் முதன்மையானது. கூட்டுப் பண்ணைகளின் பரந்த வயல்களே மருந்து தெளிக்கும் விமானங்களுக்குத் தேவையை உருவாக்கின. 1981-இல் டர்போபிராப் வடிவமும் வெளிவந்தது. எல்லா வடிவங்களும் சேர்ந்து 700-க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. அழகில் டிரெனருக்கு நிகரில்லை, ஆனால் இதன் பருத்த உடலுக்கும் ரசிகர்கள் உண்டு.

1989-இல் கம்யூனிச ஆட்சி முடிந்தபின் அரசு ஆதரவு குறைந்து, சிறு நிறுவனங்கள் பெருகின. அவற்றுள் ஒன்றான எவெக்டரின் ஸ்போர்ட்ஸ்டார் விமானம் 2005-இல் அமெரிக்க இலகு விளையாட்டு விமானப் பிரிவில் சான்று பெற்றது.