இடக்கைக்கு ஒரு கிற்றார்

பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் இளைஞர் எழுதிக் கேட்டிருந்தார். அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர். மின்கிற்றார் பழக விரும்புகிறார். பார்த்த கடைகளிலெல்லாம் வலக்கைக்காரருக்கான கருவிகளே இருந்தனவாம். இடக்கைக்கென்றே செய்யப்பட்ட கிற்றார் உலகில் உண்டா, உண்டென்றால் அது நம் பக்கம் வராதது ஏன் என்பது அவருடைய கேள்வி. உண்டு என்று ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் சியாட்டிலும் லிவர்பூலும் வருகின்றன. பழனியும் நமது லயத்து வாசலும் வருகின்றன.

முதலில் கருவியைப் பார்ப்போம். வலக்கைக்காரர் கிற்றாரின் கழுத்தை இடக்கையால் பிடித்து விரல்களால் தந்திகளை அழுத்துகிறார்; வலக்கையால் மீட்டுகிறார். தடித்த தந்தி மேலேயும் மெல்லிய தந்தி கீழேயும் இருக்கும். இடக்கைக்காரர் அதே கருவியைத் திருப்பிப் பிடித்தால் மெல்லிய தந்தி மேலே வந்துவிடும். தந்திகளைக் கழற்றி மாற்றிக் கட்டினால் போதாதா எனத் தோன்றும். போதாது. கழுத்தின் உச்சியில் தந்திகள் படியும் ‘நட்’ என்ற சிறு துண்டில் ஒவ்வொரு தந்தியின் பருமனுக்கும் ஏற்ப வெட்டு விழுந்திருக்கும்; மெல்லிய தந்திக்கு வெட்டிய இடத்தில் தடித்த தந்தி உட்காராது. மின்கிற்றாரில் இன்னும் சில இடைஞ்சல்கள் உண்டு. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் கீழிருந்து மேலே வந்து முழங்கையில் இடிக்கும். உச்சத் தொனிகளை விரல் எட்டுவதற்காக உடலில் வெட்டியிருக்கும் வளைவு எதிர்ப்பக்கம் போய்விடும். தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் ‘பிக்கப்’ என்ற காந்த உறுப்பும் சில கருவிகளில் தந்திகளின் வரிசைக்கேற்பவே அமைந்திருக்கும்.

இத்தனை இடைஞ்சலையும் தாண்டித்தான் மின்கிற்றாரின் வரலாற்றில் இடக்கைக்காரர் சிலர் முதல் வரிசைக்கு வந்தனர். சியாட்டிலில் பிறந்த ஜிமி ஹென்றிக்ஸ் (1942–1970) வலக்கைக்கான ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரைத் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார். 1954 இல் சந்தைக்கு வந்த அந்தக் கருவியின் அடிப்பாலத்தருகே உள்ள பிக்கப் சாய்வாகப் பொருத்தப்பட்டது. கருவியைத் திருப்பியதும் சாய்வும் திரும்பிற்று. தடித்த தந்திகளின் ஒலி கூர்மையாகவும் மெல்லிய தந்திகளின் ஒலி சற்று மென்மையாகவும் மாறின. அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1997 இலும் 2015 இலும், அதே ஃபெண்டர் நிறுவனம் அவர் பெயரில் இந்தத் தலைகீழ் அமைப்பை வலக்கைக்காரர் வாசிப்பதற்கென்றே செய்து விற்றது. வேறு வழியின்றி ஓர் இடக்கைக்காரர் செய்துகொண்ட ஏற்பாடு, வலக்கைக்காரர் விலை கொடுத்து வாங்கும் சிறப்பாயிற்று.

அல்பேர்ட் கிங் தந்திகளை மாற்றிக் கட்டவும் இல்லை. திருப்பிய கருவியை அப்படியே வாசித்தார். அவருக்கு முன்பே எலிசபெத் கொட்டன் என்ற கறுப்பினப் பெண்மணி அப்படி வாசித்திருக்கிறார். வீட்டுப் பணிப்பெண்ணாக உழைத்த அவர், பெருவிரலால் மீட்ட வேண்டிய அடித்தந்திகளை மற்ற விரல்களாலும், மற்ற விரல்களுக்குரிய மெட்டைப் பெருவிரலாலும் வாசித்தார். அந்த முறை பின்னர் அவர் பெயராலேயே அழைக்கப்பட்டது.

டோனி அயோமியின் கதையை ஆலையில் வேலை செய்வோர் ஆழமாக உணர்வர். பர்மிங்காமில் தகட்டுத் தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்த அவர், 17 வயதில், வேலையைவிட்டு விலகவிருந்த கடைசி நாளன்று, இயந்திரத்தில் வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். இடக்கைக்காரர் ஆகையால் அவை தந்தியை அழுத்தும் விரல்கள். பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரல் நுனிகளுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். அவருடைய பிளக் சபாத் குழுவின் முதல் இசைத்தட்டு 1970 இல் வெளிவந்தது.

போல் மெக்கார்ட்னிக்குக் கையோடு ஒத்த கருவி இளமையிலேயே வாய்த்தது. பீட்டில்ஸ் குழு ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் வாசித்துக்கொண்டிருந்த 1961 இல், வயலின் வடிவ ஹொஃப்னர் பேஸ் கிற்றார் ஒன்றை வாங்கினார். இருபுறமும் ஒத்த வடிவமாதலால் இடக்கையில் பிடித்தாலும் கோமாளித்தனமாகத் தெரியாது என்பது அதை அவர் விரும்பியதற்கு ஒரு காரணம். 1972 இல் இலண்டனில் திருடப்பட்ட அக்கருவி அரை நூற்றாண்டுக்குப் பின் கண்டுபிடிக்கப்பட்டு அவரிடமே சேர்ந்தது. அச்செய்தி 2024 பெப்ரவரியில் உலகெங்கும் பரவியது.

இதே சிக்கல் நமது கர்நாடக இசை மேடையிலும் எழுந்திருக்கிறது. மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர். மிருதங்கத்தின் இரு முகங்களுக்கும் வலந்தலை, இடந்தலை என்று பெயர். நாதம் மிகுந்த வலந்தலையை அவர் இடக்கையால் வாசித்தார். வலந்தலை சபையை நோக்கியிருக்க வேண்டும் என்பது மேடை மரபு. அதனாலேயே மிருதங்க வித்துவான் பாடகரின் வலப்புறமும் வயலின் வித்துவான் இடப்புறமும் அமர்வர். பழனி வாசித்தால் இருவரும் இடம் மாற வேண்டும். அவ்வளவுதான் பிரச்சினை. ஆனால் அந்த இடமாற்றத்துக்கு உடன்படாத வயலின் வித்துவான்கள் இருந்தனர். அதனால் இளமையில் அவருக்கு வாய்ப்புகள் தவறின. செம்பை வைத்தியநாத பாகவதர் அவருடைய ஆற்றலை உணர்ந்து, ஆட்சேபங்களைப் பொருட்படுத்தாமல் தமது கச்சேரிகளில் வாசிக்க வைத்தார். பாலக்காடு மணி ஐயர், இராமநாதபுரம் முருகபூபதி ஆகியோருடன் சேர்த்து எண்ணப்படும் மும்மூர்த்திகளுள் ஒருவராக உயர்ந்தே பழனி 1962 இல் மறைந்தார். கனடாவின் யோர்க் பல்கலைக்கழகத்தில் 1971 முதல் மிருதங்கம் கற்பித்த திருச்சி சங்கரன் அவருடைய மாணவர்.

இனி நமது மலைக்கு வருவோம். தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் நடந்து வந்த நம்மவர் கொண்டுவந்த கருவிகளுள் முதன்மையானது தப்பு. விடியலில் பெரட்டுக்கு ஆள் திரட்டியதும், காமன் கூத்துக்கும் அம்மன் திருவிழாவுக்கும் முழங்கியதும், இறந்தவரை வழியனுப்பியதும் அதுவே. வட்ட மரச்சட்டத்தில் தோல் போர்த்த அக்கருவியைத் தோளில் மாட்டி, ஒரு கையில் குறுகித் தடித்த அடிக்குச்சியும் மறு கையில் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சியும் ஏந்தி அடிப்பர். இடக்கைக்காரர் தோளை மாற்றி, குச்சிகளைக் கைமாற்றிக்கொண்டால் போதும். கருவியில் ஓர் ஆணியையும் அசைக்க வேண்டியதில்லை. சாதி அமைப்பு அந்தத் தப்பையும் அதை அடித்தவரையும் இழிவாக நடத்திற்று என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் கருவி எந்தக் கையையும் ஒதுக்கவில்லை.

ஒதுக்கியது வழக்கம். நம் பேச்சில் வலக்கை சோத்தாங்கை, இடக்கை பீச்சாங்கை. கொடுப்பதும் வாங்குவதும் சோத்தாங்கையால்தான். எனது தலைமுறையில் இடக்கையால் எழுதிய பிள்ளைக்கு அடி விழுந்தது. கையை மாற்றிக்கொண்டவன் திருந்தியவன் எனப்பட்டான். பத்துப் பேரில் ஒருவர் இடக்கைக்காரர் என்பது இன்று ஆய்வுகள் தரும் கணக்கு. அப்படியானால் நமது ஒவ்வொரு வகுப்பறையிலும் இரண்டு மூன்று பேர் இருந்திருக்க வேண்டும். அவர்கள் கண்ணில் படாமற் போனதற்குப் பிரம்பும் ஒரு காரணம்.

கிற்றார் நமக்கு வந்த வழி வேறு. கரையோரத்துப் பைலா இசையிலிருந்தும் தேவாலயப் பாடகர் குழுக்களிலிருந்தும் அது பரவியது. 1960களின் இறுதியிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் தமிழ்ப் பொப் பாடல்களால் அதை வீட்டுக்கு வீடு ஒலிக்கச் செய்தனர். தோட்டத்து லயங்களுக்கு அது வானொலி வழியாக வந்தது. வானொலியில் கேட்பவருக்கு மீட்டுவது எந்தக் கை எனத் தெரியாது. கருவியைக் கையில் எடுக்கும்போதுதான் தெரியும். ஆனால் கருவி எளிதில் கைக்கு வரவில்லை. 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இறக்குமதியை இறுக்கிக் கட்டுப்படுத்தியது. அதே காலத்தில், 1973–74 இல், தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிந்தனர். மாவுக்கு வரிசையில் நின்றவர் கிற்றாரை நினைத்திருக்க மாட்டார்.

1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் கருவிகள் வந்தன. ஆனால் வணிகரின் கணக்கு வேறு. பத்துக் கிற்றார் வாங்குவோரில் ஒருவர் இடக்கைக்காரராக இருக்கலாம். அவருக்கும் எந்த வகை, எந்த விலை பிடிக்கும் எனத் தெரியாது. முதலைப் பல மாதம் முடக்கிவைக்க எந்தக் கடைக்காரர் துணிவார்? தயாரிப்பாளரும் இடக்கைக்குச் சில வடிவங்களை மட்டும் செய்கின்றனர். தொழிற்சாலையில் சுருங்கி, கொழும்பில் இன்னும் சுருங்கி, 1924 இல் வந்து சேர்ந்த இருப்புப்பாதையின் கடைசி நிலையமான பதுளைக்கு வரும்போது ஒன்றும் மிஞ்சுவதில்லை. இதில் எவருடைய வன்மமும் இல்லை. பெரும்பான்மைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை எல்லோருக்கும் பொது என்று சொல்லும் பழக்கந்தான் இருக்கிறது. 1948 இன் குடியுரிமைச் சட்டம் முதல் அந்தப் பழக்கத்தின் விலையைக் கொடுத்துவந்த சமூகம் நாம். நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இளைஞருக்குச் சொல்வது இது. யமஹாவும் ஃபெண்டரின் மலிவு வரிசையான ஸ்குவயரும் இடக்கைக்கான மின்கிற்றார்களை வெளியிட்டுள்ளன. கடையில் இல்லையென்றால் கொழும்பிலுள்ள இறக்குமதியாளரிடம் முன்கூட்டியே சொல்லித் தருவிக்கக் கேளுங்கள். அதற்கு வசதியில்லையெனில் இருபுறமும் வளைவு வெட்டிய, ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவிலான வலக்கைக் கருவியை வாங்கி, நட்டை மாற்றித் தந்திகளைத் திருப்பிக் கட்டச் சொல்லுங்கள். ஒருபுறம் மட்டும் வெட்டிய வடிவத்தை வாங்க வேண்டாம். திருப்பினால் மேற்பகுதிக்கு விரல் எட்டாது. புதிதாகத் தொடங்குபவர் வலக்கை முறையையும் சில வாரம் முயன்று பார்க்கலாம். இடக்கைக்காரரான மார்க் நொப்லர் வலக்கை முறையில் வாசித்தே புகழ்பெற்றார். ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டியவர் நீங்கள்; ஆசிரியரோ கடைக்காரரோ அல்லர்.

ஊவாவின் பாடசாலைகளுக்கும் தேவாலயங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இசைக்குழுவுக்கு அடுத்த முறை கிற்றார்கள் வாங்கும்போது அவற்றில் ஒன்று இடக்கைக்கானதாக இருக்கட்டும். தனியொருவரால் வாங்க இயலாததை ஒரு நிறுவனம் வாங்கி, ஆண்டுதோறும் வரும் இடக்கைப் பிள்ளைகள் அனைவருக்கும் கொடுத்துப் பழக்கலாம். செம்பை செய்ததும் இத்தகைய காரியந்தான். ஒருவருக்காக மேடையில் இருவர் இடம் மாறி உட்கார்ந்தனர், கச்சேரி நடந்தது.