துணை கவர்னர் படித்த காலேஜ்!

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடும் ஃபுட்பால் (நம்ம கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம்) வெறும் விளையாட்டுதான் என்று நினைக்கிறீர்களா? அப்படியென்றால் டெக்ஸாஸ் மாநிலத்தின் இந்தக் கதையைக் கேளுங்கள்.

அங்கே பல்கலைக்கழகங்கள் கூட்டணி போட்டுக்கொண்டுதான் மோதும். அதற்கு 'கான்ஃபரன்ஸ்' என்று பெயர். 1914-ல் பிறந்த 'சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ்' அதில் ஒன்று.

எந்த மேட்ச்சை டி.வி-யில் காட்டலாம் என்பதை ரொம்ப நாள் தீர்மானித்தது, என்.சி.ஏ.ஏ. என்கிற தேசிய அமைப்பு. 'இது ஏகபோகம்' என்று ஒக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட, 1984-ல் சுப்ரீம் கோர்ட் 7-2 என்ற கணக்கில் அந்த அதிகாரத்தைப் பிடுங்கியது. அப்புறமென்ன... இனி யார் வேண்டுமானாலும் டி.வி. கம்பெனிகளோடு பேரம் பேசலாம்! 'சின்னவங்களோட நாம எதுக்குப் பங்கு போட்டுக்கணும்?' என்ற எண்ணம் பெரியவர்களுக்கு முளைத்தது.

1990-ல் ஆர்கன்ஸா விலகுவதாக அறிவித்தது. மிச்சமிருந்த எட்டும் டெக்ஸாஸ்காரர்கள். அதில் பெரிய தலைகளான டெக்ஸாஸ் பல்கலைக்கழகமும், டெக்ஸாஸ் ஏ அண்ட் எம்-மும் 'பிக் எய்ட்' கூட்டணிக்குத் தாவத் தயாராயின. ஆனால், இரண்டுமே அரசுப் பல்கலைக்கழகங்கள். பணப் பெட்டி சட்டசபை கையில்!

செனட் தலைவராக இருந்தவர் துணை கவர்னர் பாப் புல்லக். பட்டம் வாங்கியது டெக்ஸாஸ் டெக்கில், சட்டம் படித்தது பேய்லரில். இந்த இரண்டையும் சேர்த்துக்கொள்ளாவிட்டால் மானியம் போய்விடும் என்று அவர் மிரட்டியதாக இன்றைக்கும் டெக்ஸாஸில் சொல்வார்கள். கவர்னர் ஆன் ரிச்சர்ட்ஸும் பேய்லரின் பழைய மாணவிதான்!

1994 பிப்ரவரியில் நாலு பேரும் சேர்ந்தே கிளம்பினார்கள். 'பிக் 12' உருவானது. 1996-ல் சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் கதை முடிந்தது. டி.சி.யூ., எஸ்.எம்.யூ., ரைஸ், ஹூஸ்டன் நான்கும் நடுத்தெருவில்! ஆட்டத்தில் தோற்றதாலா? இல்லை, அதிகாரத்தில் ஆள் இல்லாததால்.

டல்லாஸிலிருக்கும் எஸ்.எம்.யூ-வுக்கு மறுபடி பெரிய கூட்டணியில் இடம் கிடைத்தது 2024-ல்தான். அதுவும் எங்கே? 'அட்லாண்டிக் கோஸ்ட்' கான்ஃபரன்ஸில்! அதற்காக, ஒன்பது வருஷத்துக்கு அந்தக் கான்ஃபரன்ஸின் டி.வி. பணத்தில் பங்கே வேண்டாம் என்று ஒப்புக்கொண்டது. பாஸ்டனுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் மாறி மாறிப் பறக்கிற வாலிபால் மாணவி எப்போது பாடம் படிப்பாள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

பிக் 12-ஐ விட்டு 2012-லேயே ஏ அண்ட் எம் போய்விட்டது. 2024-ல் டெக்ஸாஸும் கிளம்பியது. டெக்கையும் பேய்லரையும் இந்த முறை யாரும் கூட அழைத்துப் போகவில்லை. புல்லக் 1999-லேயே காலமாகிவிட்டாரே!