தோட்டப்புற இளையோரும் ஆடற்கல்வியும்: நெகிரி செம்பிலானை முன்வைத்து ஒரு சமூக வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழரின் வரலாறு பெரும்பாலும் குடியேற்றம், கூலி, தொழிற்சங்கம், தமிழ்ப்பள்ளி, கோயில் என்னும் ஐந்து தலைப்புகளின் கீழ் எழுதப்பட்டு வந்துள்ளது. ஆடற்கலை அவ்வரலாற்றில் திருவிழாவின் ஓர் அங்கமாகவோ, நகர்ப்புற மன்றங்களின் சாதனையாகவோ மட்டுமே இடம்பெறுகிறது. தோட்டத்தில் வளர்ந்த பதின்ம வயதினருக்கு ஆடலை யார் கற்பித்தனர், எந்த ஆடலைக் கற்பித்தனர், அக்கல்வி எவர்க்கு மறுக்கப்பட்டது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளன. இவ்வினாக்களை நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டங்களின் சூழலில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தோட்டப்புறத்தில் ஆடலுக்கு என்றும் பஞ்சமில்லை. பஞ்சம் இருந்தது ஆடற்கல்விக்கே. சமூக நீதி குறித்த சிக்கல் இவ்வேறுபாட்டிலேயே அடங்கியுள்ளது என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

தோட்டமும் உடலும்

இன்றைய நெகிரி செம்பிலானின் மேற்குப் பகுதியாகிய சுங்கை ஊஜோங்கில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே காப்பித் தோட்டங்கள் உருவாகியிருந்தன. சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த இருப்புப்பாதை 1891இல் திறக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பியின் இடத்தை ரப்பர் பிடித்துக்கொண்டது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்குக் கொண்டுவரப்பட்ட பின்னர்க் கங்காணி முறையே முதன்மை பெற்றது. கங்காணி தன் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆள் திரட்டினார். ஆகவே, தமிழகக் கிராமத்தின் சாதி அடுக்கும் வழிபாடும் கூத்தும் மேளமும் ஒன்றாகவே கப்பலேறி வந்தன.

தோட்டம் என்பது உழைப்பை வாங்கும் இடம் மட்டுமன்று. உடலை ஆளும் ஓர் அமைப்புமாகும். விடியுமுன் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்றல், குறித்த நிரையில் குறித்த மரங்களைச் சீவுதல், பால் வாளியைச் சுமந்து நிறுவைக்கு வருதல் என ஒவ்வோர் அசைவும் பிறரால் வகுக்கப்பட்டிருந்தது. துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும். 1941இல் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், கூலி உயர்வோடு, மிதிவண்டியிலிருந்து இறங்கும் இவ்வழக்கத்தை ஒழிப்பதும் பெண்களின் மானம் காக்கப்படுவதும் பிள்ளைகளுக்கு முறையான கல்வி அளிக்கப்படுவதும் இடம்பெற்றிருந்தன. உடல் நிமிர்ந்து நிற்கும் உரிமையும் கல்வி பெறும் உரிமையும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற்றது தற்செயலன்று.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோ இருக்கும் தோட்டங்களில் பள்ளி அமைக்க வேண்டும் என விதித்தது. ஆயினும், அப்பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றன. ஆயாக் கொட்டகையிலிருந்து பள்ளிக்கும், பள்ளியிலிருந்து நேரே பெரட்டுக்களத்திற்கும் செல்வதே தோட்டப் பிள்ளையின் வாழ்க்கைப் பாதையாயிற்று. பதின்ம வயது என்பது கற்பதற்குரிய பருவமாகத் தோட்டத்தில் ஏற்கப்படவே இல்லை. ஆடற்கல்வியின் இன்மையை இப்பின்னணியிலேயே காண வேண்டும்.

திருவிழா ஆடல்களும் அவற்றின் எல்லைகளும்

மாரியம்மன் கோயில் திருவிழாவே தோட்டத்தின் ஆட்டக்களம். கரகம், காவடி, கோலாட்டம், கும்மி, சிலம்பம் ஆகியனவும் அல்லி, பவளக்கொடி, வள்ளி முதலியோர் கதைகளைக் கொண்ட நாடகங்களும் அங்கு வளர்ந்தன. ஆண்டு முழுவதும் பிறர் ஆணைக்கு அசைந்த உடல், அச்சில நாள்களில் தனக்காகவும் தன் தெய்வத்திற்காகவும் அசைந்தது. அவ்விடுதலையின் மதிப்பைக் குறைத்துரைப்பதற்கில்லை.

எனினும், அவ்விடுதலை அனைவர்க்கும் ஒரே அளவில் வாய்க்கவில்லை. பெண்பிள்ளைகள் பூப்பெய்தும் வரையில் கும்மியிலும் கோலாட்டத்திலும் கலந்துகொண்டனர். அதன்பின் பொது இடத்தில் ஆடுவது அடக்கக் குறைவாகக் கருதப்பட்டது. நாடக மேடையில் பெண் வேடத்தையும் ஆண்களே புனைந்தனர். பறையை முழக்குவது ஒரு குறிப்பிட்ட சாதியாரின் கடமையெனத் திணிக்கப்பட்டிருந்தது. எனவே, ஆடலைக் கற்றல் என்பது பிறப்பையும் பாலையும் ஒட்டி அமைந்தது. விரும்பியோர் கற்கும் கல்வியாக அது அமையவில்லை. கண்டும் கேட்டும் பழகிய இக்கலைகளுக்கு ஆசானும் உண்டு, மாணவனும் உண்டு. ஆனால், எவரும் வந்து அமரக்கூடிய வகுப்பு இல்லை.

போர்க்காலமும் இளைஞர் இயக்கங்களும்

இளையோரின் உடலுக்குப் பிறப்பு வேறுபாடின்றிப் பயிற்சியளிக்க இயலும் என்பதைத் தோட்டப்புறம் முதன்முதலாகப் பேரளவில் கண்டது போர்க்காலத்திலேயே எனலாம். 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. மலாயாத் தோட்டங்களைச் சேர்ந்த இளம்பெண்கள் பலர் அதில் சேர்ந்தனர். பால்மரக் காட்டைத் தாண்டி அறியாத பெண்கள் அணிவகுத்து நடக்கவும் துப்பாக்கி ஏந்தவும் கற்றனர். இந்திய தேசிய இராணுவத்தில் சாதி, சமய வேறுபாடின்றி ஒரே பந்தியில் உண்ணும் வழக்கமும் பேணப்பட்டது. நெகிரி செம்பிலானும் இவ்வரலாற்றோடு தொடர்புடையது. சிரம்பானில் அவ்விராணுவத்தின் பயிற்சி நிலையம் இயங்கியது. 1945 ஆகஸ்டில் சப்பான் சரணடையும் செய்தி சுபாஷ் சந்திர போசை எட்டியபோது அவர் சிரம்பானிலேயே தங்கியிருந்தார். படைப்பயிற்சி ஆடற்கல்வி ஆகாதுதான். ஆயினும், தோட்டத்துப் பெண்ணின் உடல் கூச்சத்திற்கும் உழைப்பிற்கும் மட்டுமே உரியதன்று என்னும் எண்ணத்தை அது விதைத்துச் சென்றது.

போருக்குப் பின்னர்க் கெடாவின் பீடோங் வட்டாரத்தில் தோன்றிய தொண்டர் படை, கள்ளுக்கு எதிராக இளைஞர்களை ஒழுங்குபடத் திரட்டியது. 1952இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழர் திருநாளும், தமிழ் முரசு வளர்த்த மாணவர் மணிமன்றமும் சமய எல்லைக்கு அப்பால் தமிழ் இளையோர்க்கு ஒரு மேடையை அமைத்துத் தந்தன. அதே காலப்பகுதியில், 1954இல், தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பேச்சு, கட்டுரை, நாடகம் ஆகியவற்றிற்கு இவ்வியக்கங்கள் அளித்த ஊக்கம் பெரிது. மலேசியத் தமிழ் எழுத்தாளரும் ஆசிரியரும் பலர் இவற்றின் வழியே உருவாயினர். ஆயினும், எழுத்துக்கும் பேச்சுக்கும் கிடைத்த பயிற்சி ஆடலுக்குக் கிடைக்கவில்லை. பகுத்தறிவு நோக்குடைய சீர்திருத்தவாதிகள் கரகத்தையும் காவடியையும் மூடநம்பிக்கையின் அடையாளமாகவும், பறையை இழிவின் அடையாளமாகவும் கண்டமை இதற்கு ஒரு காரணமாகும். இழிவை உதறும் அவர்தம் நோக்கம் நியாயமானதே. எனினும், இழிவோடு சேர்த்துக் கலையையும் கைவிட நேர்ந்தது.

நகரத்துப் பரதமும் தோட்டத்துக் கரகமும்

முறையான ஆடற்கல்வி நாட்டில் வேரூன்றத் தொடங்கியபோது அது பரதநாட்டியத்தின் வடிவில், நகரங்களில் வேரூன்றியது. இதற்குத் தமிழகத்தில் ஒரு முன்வரலாறு உண்டு. இசை வேளாளர் மரபினர் பேணிய சதிர், 1930களில் சென்னை மியூசிக் அகாதெமியின் ஆதரவோடு பரதநாட்டியம் என்னும் பெயரில் மறுமதிப்புப் பெற்றது. ருக்மிணி தேவி 1936இல் கலாக்ஷேத்திராவை நிறுவினார். தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. மரபுவழி ஆடிய பெண்கள் மேடையிலிருந்து மெல்ல மறைய, நடுத்தர வகுப்புக் குடும்பங்களின் மகளிர் அவ்விடத்தை நிரப்பினர். மலாயாவுக்கு வந்து சேர்ந்தது இவ்வாறு புதுமதிப்புப் பெற்ற பரதமே.

1950கள் முதல் வி. கே. சிவதாஸ், கோபால் ஷெட்டி போன்றோர் கோலாலம்பூரில் ஆற்றிய பணியும், சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் வழிகாட்டலில் 1981இல் தோன்றிய நுண்கலைக் கோயிலும் நாட்டின் இந்திய ஆடற்கலையை உயர்த்தின. இவற்றின் பெருமையை எவரும் மறுக்கார். ஆனால், சிரம்பான் நகர் வகுப்புக்கே ரெம்பாவ், தம்பின், பகாவ் வட்டாரத் தோட்டங்களிலிருந்து ஒரு சிறுமி வந்து செல்வதென்றால் பேருந்துக் கட்டணம், மாதக் கட்டணம், சலங்கை, ஆடை, இறுதியில் அரங்கேற்றச் செலவு ஆகிய அனைத்தையும் நாட்கூலி பெறும் பெற்றோர் தாங்கவேண்டியிருந்தது. மாலை வகுப்பு முடிந்து தனியே இருட்டில் திரும்பும் மகளைப் பற்றிய கவலையும் அதனுடன் சேர்ந்துகொண்டது.

1971இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற தேசியப் பண்பாட்டு மாநாட்டிற்குப் பின்னர்ப் பல்லின நிகழ்ச்சிகளில் இந்தியரைப் பிரதிநிதிக்கும் ஆடலாகப் பரதமே பெரிதும் முன்னிறுத்தப்பட்டது. இதன் விளைவாக, தோட்டத்துச் சிறுமி தன் தாயும் பாட்டியும் ஆடிய கும்மியைக் கலையென அறியாமலும், கலையென அறிந்த பரதத்தை எட்ட இயலாமலும் நின்றாள். இவ்வெற்றிடத்தைத் திரைப்பாடல் ஆட்டம் நிரப்பியதில் வியப்பில்லை. அதனைப் பழிக்கும் முன்னர், அவ்வாட்டமே கட்டணமின்றிக் கற்கக்கூடிய ஒரே ஆட்டமாக இருந்தது என்பதை ஆசிரியர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

தோட்டத்தை இழந்த தலைமுறை

1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலும், ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியமையும், 1980கள் முதல் வேகமெடுத்த நகர்மயமும் தோட்டச் சமூகத்தைக் கலைத்தன. துண்டாடலை எதிர்கொள்ளத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். எனினும், வெளியேற்றம் முற்றிலும் நிற்கவில்லை. நெகிரி செம்பிலானில் நீலாய், சிரம்பான் வட்டாரத் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயத்தோடு கோயில் திடலும் மறைந்தது. திடலோடு ஆட்டக்களமும் மறைந்தது.

இம்மாநிலத்தில் ஏறத்தாழ 60 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல தோட்டங்களில் பிறந்தவை. ஆனால், அவை அனைத்தும் தொடக்கப்பள்ளிகளே. பன்னிரண்டு வயதில் மாணவன் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும், தமிழ்க் கலைகளோடு அவனுக்குள்ள நிறுவன உறவு பெரும்பாலும் அறுந்துவிடுகிறது. இடைநிற்றலும் குண்டர் கும்பலின் ஈர்ப்பும் தலைதூக்குவது இதே பருவத்தில்தான். அண்மைத் தசாப்தங்களில் உறுமி மேளக் குழுக்கள் இளைஞரிடையே பரவியுள்ளமை கருதத்தக்கது. பொதுவெளியில் அவை பெரும்பாலும் ஒழுங்குச் சிக்கலாகவே பேசப்படுகின்றன. வேறொரு கோணத்தில் நோக்கின், ஆசிரியரும் பாடத்திட்டமும் இல்லாத நிலையிலும் இளைஞர்கள் தாமே அமைத்துக்கொண்ட கலைப்பள்ளி அது எனலாம்.

திண்டுக்கல் காட்டும் வழி

தமிழகத்தில் இதே சிக்கலுக்கு ஒரு விடை தேடப்பட்டுள்ளது. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா முன்னின்று வளர்த்த சக்தி கலைக்குழு, பள்ளியை இடையில் விட்ட தலித் பதின்ம வயதுப் பெண்களுக்குப் பறையாட்டம், கும்மி, கோலாட்டம் முதலியவற்றைக் கற்பித்தது. ஆண்கள் மட்டுமே ஏந்திவந்த பறையைப் பெண்கள் ஏந்தினர். இழிவின் அடையாளமாக இருந்த கருவி தன்மதிப்பின் குரலாக மாறியது. ஆடலோடு தொழிற்பயிற்சியும் சாதி, பால் ஒடுக்குமுறை பற்றிய கல்வியும் இணைக்கப்பட்டன. இசையியல் அறிஞர் சோயி ஷெரினியன் இக்குழுவின் பணியை ஆவணப்படமாக்கியுள்ளார். பறையைக் கைவிடுவதே விடுதலை என்ற முந்தைய தலைமுறையின் நிலைப்பாடும், பறையை மீட்பதே விடுதலை என்ற இந்நிலைப்பாடும் தம்முள் முரண்படுவன போலத் தோன்றலாம். முன்னது கட்டாயத்தை மறுத்தது. பின்னது அதனைத் தெரிவாக மாற்றியது. கட்டாயம் தெரிவாக மாறும் இடத்தில்தான் கல்வி தொடங்குகிறது.

நம் நாட்டிலும் சான்று இல்லாமல் இல்லை. 1983இல் சூத்ரா நடன அரங்கை நிறுவிய ராம்லி இப்ராகிம் மலாய் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். பரதத்திலும் ஒடிசியிலும் பெற்ற தேர்ச்சிக்காக 2018இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதைப் பெற்றார். கலைக்குத் தேவை பிறப்பு அன்று, பயிற்சியே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. சிலாங்கூரில் வசதி குறைந்த இந்தியச் சிறுவர்க்குச் சூத்ரா நடத்திய ஆடற்பயிற்சி, செவ்வியல் கலையும் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு எட்டாததன்று என்பதை மெய்ப்பித்தது. ஆகவே, பரதமா கரகமா என்பது இங்கு வினாவன்று. கற்பிக்கும் வாயில் எவர்க்குத் திறந்துள்ளது என்பதே வினா.

முடிவுரை

ஆடற்கல்வி வறுமையை நீக்கிவிடும் என்று இக்கட்டுரை வாதிடவில்லை. கூலி, வீடு, குடியுரிமை ஆகிய உரிமைகளுக்கு நடனம் மாற்றாகாது. ஆனால், தலைமுறை தலைமுறையாகப் பிறர் ஆணைக்கு அசைந்த சமூகத்தின் பிள்ளைகள், தம் உடலைத் தாமே ஆளவும், அவையோர் முன் தலைநிமிர்ந்து நிற்கவும், மற்றவரோடு ஒத்தியங்கவும் கற்பது நீதியின் ஒரு கூறாகும். 1941இன் போராட்டக்காரர்கள் மிதிவண்டியிலிருந்து இறங்க மறுத்ததும் இதே நீதியை நாடியே.

நெகிரி செம்பிலானைப் பொறுத்தவரை மூன்று பணிகள் உடனடித் தேவையாகின்றன. முதலாவது, தோட்டத்தில் கரகமும் கும்மியும் கோலாட்டமும் ஆடிய முதியோரிடமிருந்து அடவுகளையும் தாளங்களையும் பதிவுசெய்தல். இதற்குரிய காலம் மிகக் குறைவு. இரண்டாவது, தமிழ்மொழி ஆசிரியர் பயிற்சியில் நாட்டார் ஆடலை ஒரு பகுதியாக்குதல். மூன்றாவது, இடைநிலைப்பள்ளித் தமிழ்மொழிக் கழகங்களை ஆண்டுக்கொரு முறை மேடையேறும் அமைப்பாக அன்றி, வாரந்தோறும் கட்டணமின்றிக் கற்பிக்கும் களமாக மாற்றுதல். முதியோரின் நினைவைக் கல்வியாக மாற்றும் கடமை பல்கலைக்கழகத்தினர்க்கும் பள்ளி ஆசிரியர்க்கும் சம அளவில் உரியது. அக்கல்வி பன்னிரண்டு வயதோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதே அக்கடமையின் முதற்படியாகும்.